கழுவிக் காயவைத்து மடித்துக் கொடுக்கவும்

என் மகள் தக்குடுவுக்கு,

அம்மச்சி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சிஜோவும் பிறந்த குஞ்ஞும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையில் ஒரு தடவையும் சாயந்திரம் ஒரு தடவையும் மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலிக்கிறது, வடக்குப் பக்கத்துக் கூரை ஒழுகுகிறது, இரண்டு தென்னையில் காய் இல்லை, உன் அப்பச்சன் இல்லை. மற்றபடி சுகம். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என் நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும்தான் தெரிகிறது என்று சிரிக்கிறாயே, அந்த நெற்றியைப் பார்த்தே நான் பொய் சொல்வதை நீ கண்டுபிடித்துவிடுவாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நாலாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணிக்கொண்டுதான் போகும், பொறுத்துக்கொள். ஷைலஜா டீச்சரிடம் காட்டித் திருத்தி வாங்கலாம் என்றால் அவளைப் பற்றியும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

போன வாரம் நீ கேட்டாய், "அப்பச்சனோட நீலக் கோடு போட்ட சட்டைய எடுத்து வைங்க அம்மச்சி, ஆஷா வரும்போது கையில குடுத்து விடுங்க" என்று. "பத்திரமா இருக்குடி, அலமாரியில மடிச்சு வெச்சிருக்கேன்" என்று நானும் சொன்னேன். பொய். அந்தச் சட்டை அலமாரியில் இல்லை, வீட்டிலேயே இல்லை. உன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பினாயே, ஈஸ்டருக்கும் உன்னை விமானத்துக்கு ஏற்றிவிட வந்த அன்றைக்கும் மட்டும் போட்டுக்கொண்டாரே, அந்தச் சட்டை இப்போது பை. சந்தைக்குக் கொண்டுபோகும் பை. கைப்பிடி வைத்துத் தைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஆஷா விமானம் ஏறி நீ வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் சேர வந்து உன் முன்னால் நிற்கும்போது இந்தக் கடிதமும் அவள் கையில் இருக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பச்சைக் கூட்டம் என்று நான் கேலி பண்ணுவேனே, நீ இங்கே இருந்த காலத்தில் அது தவழ்கிற பிள்ளை. இப்போது வளர்ந்து ஊருக்கே மாமியார் ஆகிவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் அதில் உறுப்பினர், ஷைலஜா டீச்சர் தலைவி. ஒரு மாதம் வீடு வீடாகப் பழைய கண்ணாடி எடுப்பார்கள், ஒரு மாதம் செருப்பு, ஒரு மாதம் பழந்துணி. எதைக் கொடுத்தாலும் கழுவிக் காயவைத்து மடித்துக் கொடுக்க வேண்டும், இதுதான் அவர்களுக்குப் பத்துக் கட்டளையும். அப்பச்சன் படகு ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு மதம் மாறியவர் மாதிரி இதில் போய் விழுந்தார் என்பது உனக்குத் தெரியும். பால் கவரை மூன்று தண்ணீரில் அலசி, கொடியில் என் முண்டுக்கும் சட்டைக்கும் நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். படகில் போகிறவர்கள் பார்த்தால் இந்த வீட்டில் பால் கவரைத்தான் உடுத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். தன்னுடைய ஒரு பனியனை ஒரு நாள் அலசிப் போட்டிருப்பாரா அந்த மனுஷன். அதற்கு நான் இருந்தேனே. வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கக் கூடாது, நான் உப்புக்கும் மிளகாய்க்கும் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரு நாள் மொத்தமாக எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, பாவமன்னிப்பு வாங்கின முகத்தோடு திரும்பி வந்தார். நானூறு வருஷம் ஆனாலும் அது மக்காதாம். கூட்டம் நடத்தின வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கடையில் நிற்கிறவன், படகில் உட்கார்ந்திருக்கிறவன், ஒருத்தரை விடாமல் பிடித்து நானூறு வருஷம் நானூறு வருஷம் என்று ஜெபமாலை உருட்டினார்.

அடுக்களைக்குப் பின்னால் அவர் கட்டின எரிவாயுத் தொட்டியும் அதனால் வந்த சண்டையும் உனக்கு நினைவிருக்கும். மீன் தலையும் பழஞ்சோறும் அதில் போட்டு, வந்த வாயுவில் நான் தினம் ஒரு காப்பி போட்டேன், நாற்றம் மட்டும் வேலி தாண்டி மாத்தன் வீட்டுக்குப் போனது. "ஒங்க வீட்டு மத்தித் தலை எங்க வீட்டு ஜெபத்துக்கு வந்து ஒக்காருது" என்று அவர் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தார். இவர் விடுவாரா. மாத்தன் கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் பதுக்கி வைத்திருக்கிறார் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லி, இரண்டு தடவை டீச்சரை அனுப்பிப் பிடிக்க வைத்தார். அதோடு பதினொரு வருஷம் பேச்சு இல்லை. மாத்தனின் மனைவி சாவுக்குக்கூட இவர் சர்ச்சுக்குள் போகாமல் வாசலில் நின்றுவிட்டு வந்தார். இவர் சாவுக்கு மாத்தன் கல்லறைத் தோட்டத்து மூலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை இல்லை. முகத்தை மறைக்கத்தான் குடை என்று நான் நினைத்தேன்.

அடக்கத்தை நீ போனில் பார்த்தாய். ஒன்பதாம் மாத வயிற்றோடு யார் விமானத்தில் ஏற்றுவார்கள், அதற்காக இன்னும் உன்னையே நோகாதே. வீடியோக்காரப் பையன் உனக்காக என்னை வெளிச்சத்துப் பக்கம் திரும்பி அழச் சொன்னான், திரும்பி அழுதேன். ஆனால் வீடியோவில் வராதது ஒன்று உண்டு. சர்ச்சிலிருந்து ஜெபம் சொல்ல அச்சன் வருவதற்கு முன்னால் ஷைலஜா டீச்சர் வந்து, வந்த மாலைகளில் எல்லாம் பிளாஸ்டிக் நாடா இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்ததை அறுத்து எடுத்தாள். மாலைக்குப் பதில் பருத்தித் துண்டு கொண்டுவாருங்கள் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, ஊரே ஆளுக்கொரு துண்டோடு வந்தது. இப்போது இந்த வீட்டில் மனுஷர்தான் இல்லை, துடைத்துக்கொள்ளத் துண்டுக்குப் பஞ்சமில்லை. நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் முடிந்து பந்தி எழுந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி, இப்ப கேக்கறது தப்புதான், கூட்டத்துல குரியாச்சன் சேட்டனோட எடம் காலியா இருக்கு, ஒங்க பேர எழுதிக்கட்டுமா" என்றாள். மந்திரி பதவி மாதிரி கேட்டாள். நான் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வேறு எந்த இடத்தை நான் நிரப்பிவிட முடியும்.

அதற்கு அடுத்த வாரம் அலமாரியைத் திறந்தேன். அவருடைய நல்ல சட்டைகள் ஒன்பதையும், நீ வாங்கித் தந்த நீலக் கோடு போட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து, வெள்ளை அரிசிச் சாக்கில் வைத்தேன். அதை மேல்தட்டில் ஏற்றிவிடலாம், கண்ணில் பட வேண்டாம் என்று எண்ணம். கிழிந்த முண்டு, பனியன், கொல்லையில் வேலை செய்யும்போது போடும் பழைய காக்கிச் சட்டை, இதையெல்லாம் அப்படியே சுருட்டி ஒரு சணல் சாக்கில் திணித்தேன், அது பச்சைக் கூட்டத்துக்கு. துணி மாதம். துவைக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் ஒன்பது சட்டைக்கே இடுப்பு ஒடிந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு சாக்கையும் வராந்தாவில் வைத்துவிட்டுக் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனேன். திரும்பி வந்தால் வெள்ளைச் சாக்கு இல்லை. சணல் சாக்கு இருக்கிறது, அதன் வாயில் ஒரு சீட்டு குத்தியிருக்கிறது. கழுவிக் காயவைத்து மடித்துக் கொடுக்கவும் என்று. நீயே யோசித்துப் பார். கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் வருகிறார்கள், இரண்டு சாக்கு இருக்கிறது, ஒன்றில் சோப்பு வாசனையோடு அடுக்கி வைத்தது, இன்னொன்று மூக்கைப் பிடிக்க வைப்பது. எதை எடுப்பார்கள். கட்டளைப்படிதான் எடுத்தார்கள். அவர்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று நினைக்காதே. முதல் இரண்டு நாள் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் போனால், "நேத்தே வெட்டியாச்சே சேச்சி" என்று டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல துணியா இருந்துச்சா, அதான் மொதல்ல அதையே எடுத்தோம். இஸ்திரி போட்டுக் குடுத்த வீடு இந்த ஊர்லயே ஒங்க வீடுதான்." அவள் கண் கலங்கினது நிஜம். துடைத்துக்கொள்ள நான்தான் துண்டு கொடுத்தேன், எப்போதும் ஒன்று கையில் இருக்கிறதே. சட்டையின் நடுப்பகுதி பையாகவும், கை இரண்டும் கிழித்துப் பின்னிக் கைப்பிடியாகவும் ஆகியிருந்ததாம். பாக்கெட்டை மட்டும் அப்படியே வெளியே விட்டிருக்கிறார்கள், ரேஷன் அட்டை வைக்க வசதியாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்து கைதட்டி நம் வீட்டுக் கதவில் பச்சைச் சீட்டு ஒட்டினார்கள். முன்மாதிரி வீடு. உன் அப்பச்சன் எத்தனை வருஷம் பால் கவர் கழுவினார், அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் சட்டையைத் தொலைத்தவளுக்குக் கிடைத்தது.

தைத்த பைகளைப் படகுத்துறையில் ஒரு மரச்சட்டம் அடித்து ஆணியில் மாட்டியிருக்கிறார்கள், பைமரம் என்று பேர். பை மறந்து வந்தவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம், பிறகு அதையோ வேறொன்றையோ கொண்டுவந்து மாட்ட வேண்டும், பைக்குப் பை. மாட்டிவிட்டார்கள் என்று கேட்ட அன்றைக்கே ஓடிப் போனேன். ஒன்பதும் போய்விட்டது. அதிலிருந்து தினமும் காலையில் முதல் படகிலிருந்து பத்து மணி வரை நான் துறையில்தான். எட்டுச் சட்டையைப் பார்த்துவிட்டேன். மஞ்சள் சட்டையில் பீன்ஸ் போகிறது. கட்டம் போட்டதில் ஒருத்தி கோழிக்குஞ்சு கொண்டுபோகிறாள், பாக்கெட்டில் வெற்றிலை. உயிரோடு இருக்கும்போது ஒரு நாள் எனக்காகக் கடைக்குப் போய் வரச் சொன்னால் முதுகு வலி என்பார், இப்போது ஊருக்கெல்லாம் சுமக்கிறார். மீன்காரி சாராம்மா, "என்ன சேச்சி, ஒங்க ஆளு எந்தெந்த வீட்டுக்குப் போறாருன்னு வேவு பாக்குறீங்களா, இனி அவரால ஒண்ணும் ஆகாது, நம்பி வீட்டுக்குப் போங்க" என்றாள். துறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், நாற்பத்தொன்று கழிந்து முதல் சிரிப்பு, அதற்கும் இந்தக் கூட்டத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நீலக் கோடு மட்டும் கண்ணில் படவில்லை.

செவ்வாய்க்கிழமை நம் கொல்லையில் நின்று பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மாத்தன் வீட்டுக் கொடியில் அது தனியாகக் காய்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன், பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைத்தேன். அவர் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். "அது என் வீட்டுக்காரரோட சட்ட" என்றேன். "தெரியும்" என்றார், தலை நிமிரவில்லை. "ஈஸ்டருக்குப் போட்டுக்கிட்டு வந்து மொத வரிசையில நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பானே, அது." தெரிந்துமா எடுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "அங்கயே வுட்டா கண்டவனும் அதுல மீன் வாங்குவான். நான் அதுல ஒண்ணும் வாங்கறதில்ல. அடுக்களை ஆணியில சும்மா மாட்டியிருக்கேன். தூசி புடிச்சுது, அலசிப் போட்டேன்." சும்மா எதற்கு மாட்டி வைக்க வேண்டும் என்று விடாமல் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "காலைல எந்திரிச்சா வேலிப்பக்கம் பாத்து அவன ரெண்டு வார்த்த திட்டிட்டுத்தான் எனக்குக் காப்பி எறங்கும். இப்ப யாரத் திட்டறது. ஒன்னயா." கொடியிலிருந்து பையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன், தக்குடு. சோப்பு. வேறொன்றும் இல்லை. நான் போட்ட கஞ்சி போய் மாத்தன் போட்ட சோப்பு இருக்கிறது, அவர் இல்லை. நீ எதற்கு அந்தச் சட்டையைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். கேட்ட பொருளை அனுப்பியிருந்தாலும் நீ கேட்டது அதில் வந்திருக்காது.

அப்படியே பையை மறுபடி கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வராந்தாவில் சணல் சாக்கு, சீட்டு குத்தினபடி. அவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனது. அதைப் பிரித்து காக்கிச் சட்டையை எடுத்தேன். அவர் போன அன்று காலையில் தொட்டியைக் கிளறிவிட்டு, குளிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் போட்டாரே, பிறகு குழாயடியில் வெறும் பனியனோடு நின்று பால் கவரை அலசிக்கொண்டே சரிந்தாரே, அந்தச் சட்டை. கழுத்துப் பட்டியில் முகத்தை வைத்தேன். டீசலும் பீடியும் தேங்காயெண்ணெயும் வியர்வையும். கொஞ்சம் மத்தித் தலையும். படகு ஓட்டுவதை நிறுத்தி பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த டீசல் போகவில்லை பார். எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, யார் வீட்டுப் பசுவோ கத்தின பிறகுதான் எழுந்தேன். இந்த வீட்டில் கழுவாமல் மிச்சமிருந்தது அந்த ஒரு சாக்குதான். நான் துவைக்கச் சோம்பல் பட்டதாலும், அவர்கள் கட்டளையில் கண்டிப்பாக இருந்ததாலும் மிஞ்சியது. இனி டீச்சரைத் திட்டமாட்டேன், குறைத்துக்கொள்கிறேன்.

இதைத்தான் உனக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு பண்ணினேன். ஆனால் ஆஷாவின் பெட்டியில் நம் மீன் ஊறுகாயும் குடம்புளியும் அவலோசுப்பொடியும் போகின்றன. காகிதத்தில் சுற்றினால் உனக்கு வந்து சேரும்போது அப்பச்சன் ஊறுகாய் வாசனையோடுதான் வருவார். டப்பாவில் போடலாம் என்றால் எடை கூடும் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. காற்று போகாத நல்ல கெட்டிப் பிளாஸ்டிக் கவர் ஒன்று வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். அரிசிப் பானைக்குள், மெத்தைக்கு அடியில், உன் பழைய புத்தகப் பெட்டியில். ஒன்று இருக்க வேண்டுமே. அப்படித் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் மனுஷர். தன்னைப் பொத்தி வைக்க ஒரு கவர் விட்டுவைக்கவில்லை. கடையில் கேட்டால் முன்மாதிரி வீட்டுக்காரி கவர் கேட்கிறாள் என்று படகு திரும்புவதற்குள் டீச்சர் காதுக்குப் போய்விடும். இந்த ஊரில் நிச்சயமாகக் கவர் வைத்திருக்கும் ஆள் யார் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

மறுபடி போனேன். எதற்கு என்று சொன்னேன், மறைக்கவில்லை. "பதினொரு வருஷம் அந்த ஆளோட நாத்தத்த எதிர்த்து மனுப் போட்டேன். இப்ப அத அடைச்சு வெக்க நானே கவர் குடுக்கணுமா, ஏலியாம்மா" என்றார் மாத்தன். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். டீச்சர் இரண்டு தடவை பிடித்தும் பெட்டி நிறைய இருந்தது. ஜவுளிக்கடைக் கவர் ஒன்று, கெட்டியானது, மேலே ஜிப் வைத்தது, மனைவிக்குக் கடைசியாகப் புடவை வாங்கின கவராம், துடைத்துக் கொடுத்தார். வாசல்வரை வந்து, "அப்ப அந்தப் பைய எடுத்துக்கிட்டுப் போறியா" என்று கேட்டார், கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "பைக்குப் பை, அதானே சட்டம், அது இங்கயே இருக்கட்டும், திட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே நீலக் கோடு உனக்கு இல்லை. என்மேல் வருத்தம் வந்தால் போனில் காட்டாதே, காகிதத்தில் எழுதி அனுப்பு. நேற்றுக் காலையில் கொல்லையில் நின்றேன், வேலிக்கு அந்தப் பக்கம் அடுக்களையில் அவர் குரல் கேட்டது. நன்றாகத்தான் திட்டுகிறார். ஒன்றும் குறை வைக்கவில்லை.

இன்னும் நிறைய எழுதலாம், ஆஷா வந்து நிற்கிறாள். பிரசவ உடம்பு, குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. குஞ்ஞுக்கு எண்ணெய் தேய்க்காமல் குளிப்பாட்டாதே, அங்கே டாக்டர் என்ன சொன்னாலும் சரி. சிஜோவிடம் முதலிலேயே சொல்லி வை, அவன் துணியைக் கண்டால் மெஷினில் போடுகிறவன், இதைத் தொடக் கூடாது. நீ தனியாக இருக்கும்போது திற. அப்பச்சனைப் பார்க்காத பிள்ளை, குஞ்ஞின் மூக்குக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை காட்டு, உடனே ஜிப்பை மூடு. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும். மறக்காதே, சட்டையை ஒரு நாளும் கழுவாதே. பிறகு என்றைக்காவது சட்டையில் ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு, கவரைக் கழுவிக் காயவைத்து மடித்து வை, நீ வரும்போது மாத்தனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முத்தங்களோடு,
உன் அம்மச்சி
ஏலியாம்மா குரியாக்கோஸ்
(முன்மாதிரி வீடு)

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. கவர் நானூறு வருஷம் அப்படியே இருக்கும் என்று அவர் ஊர் பூராவும் சொன்னார். உள்ளே இருக்கிறதே, அது எத்தனை நாளைக்கு இருக்கும், தக்குடு?